மண்ணைக் காத்த பென்னட்: ஓர் ஓடையின் உழவர்கள் ஒன்று சேர்ந்த கதை



கோடை மழை அடித்து ஓய்ந்த பிறகு உங்கள் ஊர் ஓடையைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் டீ நிறத்தில் போகும். அந்த நிறம் யாரோ ஒருவருடைய காட்டு மேல்மண்தான். உங்களுக்கு மேலே இருப்பவருடையதாக இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். என் வயலில் வரப்பு போட்டுவிட்டேன், எனக்குக் கவலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். மேலே உள்ள காட்டில் வரப்பு இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் உங்கள் வரப்பையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும் என்பது ஒரு பெருமழை வந்தால்தான் தெரிகிறது.

இதைத் தன் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்த ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் ஹியூ ஹாமண்ட் பென்னட். அமெரிக்காக்காரர். மண் பாதுகாப்பின் தந்தை என்று வேளாண்மைப் பாடப் புத்தகங்களில் இவர் பெயர் ஒரு வரியில் வந்துபோகும். நானும் மாணவப் பருவத்தில் அந்த ஒரு வரியோடு தாண்டிப் போயிருக்கிறேன். விரிவாக்கப் பணிக்கு வந்து, ஊர் ஊராகக் கூட்டம் போட்டுத் தோற்ற பிறகுதான் இவரைத் திரும்பத் தேடிப் படித்தேன்.

பென்னட் 1881 ஏப்ரல் 15 அன்று வட கரோலினா மாநிலத்தில் ஆன்சன் மாவட்டத்தில் பிறந்தார். அப்பா பருத்தி விவசாயி. சரிவான நிலம், வருடா வருடம் பருத்தி, வரிசைக்கு நடுவே வெறும் மண், அதன் மேல் பெருமழை. மண் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிறு வயதில் அப்பாவோடு சேர்ந்து, கையால் செய்த மட்டக் கருவி ஒன்றை வைத்துச் சரிவுக்குக் குறுக்கே வரப்புக் கோடு போட்டிருக்கிறார். எதற்கு இந்த வேலை என்று அவர் கேட்டதற்கு, நிலம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க என்று அப்பா சொன்ன பதில் கடைசிவரை அவர் மனதில் நின்றது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு. சம உயரக் கோடு போடுவதற்கு இன்றும் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இரண்டு மூங்கில் குச்சிகள் எடுத்து உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் ஒரு குறுக்குக் குச்சி. உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கருவியைத் தரையில் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கால்கள் இரண்டையும் அதே இடங்களில் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால், கால் பட்ட இடமெல்லாம் ஒரே உயரம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முளைக்குச்சி அடித்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்காத காலை நேரத்தில் செய்வது நல்லது.

பென்னட் கதைக்கு வருவோம். 1903ல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதே ஆண்டு மத்திய வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். மண்ணைத் தோண்டிப் பார்த்து, வகை பிரித்து, வரைபடத்தில் குறிப்பதுதான் வேலை. 1905ல் வர்ஜீனியா மாநிலத்தில் லூயிசா என்ற மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விளைச்சல் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

அங்கே அவர் பார்த்தது பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு நிலங்கள். ஒரே சரிவு, ஒரே பாறை. ஒன்று மரக்காடாகவே விடப்பட்டிருந்தது. அதன் மண் பொலபொலவென்று, கையால் கிளறும்படி, வறட்சியிலும் ஈரத்தோடு இருந்தது. மற்றொன்று பல காலம் உழுது பயிர் செய்த நிலம். அதில் மேல்மண்ணே இல்லை. கட்டிக் களிமண்தான் வெளியே தெரிந்தது. ஓடை எதுவும் அறுக்கவில்லை, பள்ளமும் விழவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு தாள் கனத்துக்கு மண் உரிந்து போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் யாரும் கவனிக்கவில்லை. பரப்பு அரிப்பு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

அவர் வேலை பார்த்த பிரிவின் தலைமையோ அந்தக் காலத்தில் வேறு மாதிரி நினைத்தது. மண் என்பது அழியாத, தீராத சொத்து என்று 1909ல் அந்தப் பிரிவின் வெளியீட்டிலேயே அச்சடித்தார்கள். தன் மேலதிகாரிகளின் கருத்துக்கு எதிராகப் பேச வேண்டிய நிலை. பென்னட் பொறுமையாகச் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். பனாமா, அலாஸ்கா, கியூபா என்று எங்கே அனுப்பினாலும் போய் மண்ணைப் பார்த்தார். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இப்படியே போனது. 1928ல்தான், சாப்லைன் என்பவரோடு சேர்ந்து, மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று எச்சரிக்கும் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். அது படிக்க வேண்டியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே, டெக்சாஸ் மாநிலத்து உறுப்பினர் புக்கானன் முயற்சியால், அரிப்பை அளக்கும் ஆய்வு நிலையங்களுக்கு 1,60,000 டாலர் ஒதுக்கினார்கள்.

ஆள் உயரமானவர், உடம்பும் பெரிது. பேச்சில் கெட்டிக்காரர். ஒரு முறை நிதிக் குழுவின் முன்னால் மேசையைச் சாய்த்துவைத்துத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார் என்று சொல்வார்கள். வெறும் மேசையில் ஊற்றிய தண்ணீர் ஓடித் தரையை நனைத்தது. தடித்த துண்டை விரித்து ஊற்றியபோது துண்டு குடித்துக்கொண்டது. மூடாக்கு என்றால் என்ன என்று விளக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

1933ல் அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தது. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டங்களில், நிலங்களில் வரப்பு போட 50 லட்சம் டாலர் ஒதுக்குவதாகப் பேச்சு எழுந்தது. பணம் வருகிறதே என்று பென்னட் சும்மா இருக்கவில்லை. வரப்பு மட்டும் போட்டால் அது வீண் என்று வாதாடினார். மலை உச்சி, நடுச்சரிவு, அடிவாரம், ஓடைக்கரை ஒவ்வொன்றும் எதற்கு ஏற்றதோ அதற்கே பயன்பட வேண்டும், எல்லாம் சேர்ந்துதான் ஓடையைக் காப்பாற்ற முடியும் என்பது அவர் கட்சி. அந்த வாதம் எடுபட்டது. செப்டம்பரில் மண் அரிப்புத் தடுப்புப் பணி என்ற புதிய அமைப்புக்கு அவரையே தலைவராக்கினார்கள்.

முதல் வேலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் கிரீக் என்ற ஓடையின் நீர்வடிப்பகுதி. சுமார் 90,000 ஏக்கர். பக்கத்திலேயே லா கிராஸ் ஊரில் அரிப்பு ஆய்வு நிலையம் இருந்தது ஒரு வசதி. செங்குத்தான குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் உள்ள நாடு. நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. முதலில் கோதுமை, பிறகு கறவை மாடு. குன்றின் மேல் மரக்காட்டிலும் மாட்டை விட்டு மேய்த்ததில் தரை மிதிபட்டு இறுகிப்போய், பெய்த மழை அப்படியே கீழே வந்தது. மேட்டில் பள்ளங்கள் அறுத்தன. கீழே ஓடைக்கரை வயல்களில் வண்டல் மேல் வண்டலாக மூடிக்கொண்டே வந்தது. அடிவாரத்துக்காரர் பாவம், மேலே என்ன நடக்கிறது என்பதில் அவருக்குக் கை கிடையாது.

அரசு அங்கே நிலத்தை வாங்கவில்லை, உத்தரவும் போடவில்லை. ஒவ்வொரு விவசாயியோடும் தனித்தனியாக ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். திட்ட அலுவலர் விவசாயியோடு காட்டைச் சுற்றி நடந்து, எந்தத் துண்டில் என்ன செய்யலாம் என்று இருவருமாகத் தீர்மானித்தார்கள். அரசு தரப்பில் விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி, மரக்கன்று, கூடவே முகாமில் தங்கியிருந்த வேலையற்ற இளைஞர்களின் உழைப்பு. விவசாயி தரப்பில் செங்குத்துச் சரிவில் மாட்டை ஏற்றக் கூடாது, சரிவுக்குக் குறுக்கேதான் உழ வேண்டும், மக்காச்சோளமும் ஓட்ஸும் குதிரை மசாலும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். விஸ்கான்சின் வேளாண்மைக் கல்லூரி உடன் நின்றது. வன உயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்டும் ஆலோசனை சொன்னார். பறவைக்கும் மீனுக்கும் இடம் விட வேண்டும் என்பது அவர் சேர்த்த பங்கு.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. மேய்ச்சல் காட்டை விட்டுக்கொடு என்று மாடு வைத்திருப்பவரிடம் கேட்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். நூல் பிடித்த மாதிரி நேராக உழுவதுதான் நல்ல உழவனுக்கு அடையாளம் என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமைப்பட்டவரிடம், பாம்பு போல வளைத்து உழச் சொல்ல வேண்டும். பழைய வேலியைப் பிடுங்கி வளைவுக்கு ஏற்றபடி மாற்றிப் போட வேண்டும். அங்கே இருந்த சுமார் 800 பண்ணைகளில் 418 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பாதிக்குச் சற்று மேல். மீதிப் பேர் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் வரட்டும் என்று பென்னட்டின் ஆட்கள் காத்திருக்கவில்லை. இது எனக்கு மிகவும் உறைத்த இடம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் தடுப்பணை கட்டும் திட்டத்தில் நானும் இருந்தேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அணைக்குக் கீழே கிணறு வைத்திருந்தவர்கள். அவர்களுக்குத்தானே லாபம். மேட்டுக்காட்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை, நாங்களும் போய்க் கூப்பிடவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் அணை மண்ணால் நிரம்பி மேடாகிவிட்டது. மேட்டுக்காட்டில் பத்துப் பேர் ஒத்துக்கொண்டிருந்தால்கூட இன்னும் சில வருடம் தண்ணீர் நின்றிருக்கும். அந்தப் பத்துப் பேர் வீட்டுக்கு நடக்காதது எங்கள் தப்பு.

1935 வசந்த காலத்தில் மண் பாதுகாப்புக்கு நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று பென்னட் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில் வறட்சி. உழுது போட்ட மண் புழுதிப் புயலாகக் கிளம்பி ஆயிரக்கணக்கான மைல் பறந்தது. அப்படி ஒரு புயல் தலைநகர் வாஷிங்டனை நோக்கி வருகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். பேச்சை நீட்டிக்கொண்டே போனார், வெளியே வானம் மங்கியதும் உறுப்பினர்களை ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னார் என்பது கதை. சொல்பவர்கள் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்வார்கள். ஆனால் புழுதி தலைநகர் வரை வந்தது உண்மை. ஏப்ரல் 27 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையெழுத்திட்டதும் உண்மை. மண் பாதுகாப்புப் பணி வேளாண்மைத் துறையின் நிரந்தர அமைப்பானது. பென்னட் அதன் தலைவர்.

சட்டம் வந்தாயிற்று, பணமும் வந்தாயிற்று. ஆனாலும் ஒரு தொல்லை இருந்தது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்து முகாம் இளைஞர்கள் போன பிறகு வரப்பை யார் பராமரிப்பது? தலைநகரிலிருந்து வந்த அலுவலர் எத்தனை நாளைக்கு நிற்பார்? உள்ளூர்க்காரர்கள் கையில் ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பட்டது. இதில் பென்னட்டுக்கு மட்டும் பெருமை கொடுக்கக் கூடாது. வேளாண்மைத் துறையில் இருந்த எம்.எல். வில்சனும் வழக்கறிஞர் பிலிப் கிளிக்கும் இதற்கு உருவம் கொடுத்தார்கள். 1937 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் ஒரு மாதிரிச் சட்டத்தை எல்லா மாநில ஆளுநர்களுக்கும் அனுப்பினார். அதன்படி 25 நில அனுபோகதாரர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம். பொது விசாரணை நடக்கும். பிறகு அந்தப் பகுதிக்காரர்களிடம் வாக்கெடுப்பு. ஒப்புதல் கிடைத்தால் மண் பாதுகாப்பு வட்டாரம் அமையும். அதை நடத்த ஐந்து பேர் கொண்ட குழு. மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள், இரண்டு பேர் நியமிக்கப்படுவார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவரை அரசு அனுப்பும், என்ன வேலை முதலில் என்று உள்ளூர்க் குழு சொல்லும்.

முதல் வட்டாரம் 1937 ஆகஸ்ட் 4 அன்று அமைந்தது. பிரவுன் கிரீக் என்ற ஓடையின் பெயரில், ஆன்சன் மாவட்டத்தில். பென்னட் அப்பாவோடு மட்டக் கருவி பிடித்த அதே மண். இன்று அமெரிக்கா முழுக்க இப்படி ஏறக்குறைய 3,000 வட்டாரங்கள் உள்ளன.

நான் விரிவாக்கத் துறையில் இருப்பதால் அடுத்ததைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய முட்டுக்கட்டை போட்டவர்களில் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையினரும் உண்டு. விவசாயியோடு பேசுவது எங்கள் வேலை, நீங்கள் யார் நேராகப் போவதற்கு என்பது அவர்கள் வழக்கு. பென்னட்டும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பல ஆண்டுகள் இந்த இழுபறி நீடித்தது. ஒரே விவசாயியின் வாசலில் இரண்டு துறை ஜீப்புகள் போட்டி போட்டு நிற்பது உங்களுக்கும் புதிதல்ல.

குறைகள் வேறும் இருந்தன. ஓடையின் எல்லையை வைத்து அமைந்த வட்டாரங்கள் காலப்போக்கில் பெரும்பாலும் மாவட்ட எல்லைக்கு மாறிவிட்டன. கணக்கு எழுதவும் பணம் பிரிக்கவும் அதுதான் வசதி. தண்ணீர் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. தெற்கு மாநிலங்களில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்களின் குரல் இந்தக் குழுக்களில் பெரும்பாலும் எடுபடவில்லை, நிலச் சொந்தக்காரர்களே முடிவு செய்தார்கள். மண்ணைத் தொட்டு உழுபவரை விட்டுவிட்டு மண் பாதுகாப்பு பேசினால் எவ்வளவு தூரம் போகும்? நம் ஊர் நீர்வடிப்பகுதிச் சங்கக் கூட்டங்களிலும் குத்தகைக்காரர் பின் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன்.

பென்னட் 1939ல் மண் பாதுகாப்பு பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 1944ல் தென்னாப்பிரிக்கா போய் அங்கே மண் அரிப்பைப் பார்த்துவந்தார். 1951ல், 70 வயதில், தலைமைப் பொறுப்பிலிருந்து இறங்கினார். 1960 ஜூலை 7 அன்று காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நம் பக்கத்தில் உதகமண்டலத்தில் 1954ல் தொடங்கிய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமும் இதே துறை வேலையைத்தான் மலைச்சரிவுகளில் செய்துவருகிறது.

கூன் கிரீக் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஸ்டான்லி டிரிம்பிள் என்ற புவியியல் ஆய்வாளர் அந்த ஓடைப் பள்ளத்தாக்கை விடாமல் பல ஆண்டுகள் அளந்தார். 1920, 30களில் பள்ளத்தாக்கில் வண்டல் படிந்த வேகத்தோடு ஒப்பிட்டால், 1990களில் சுமார் 6 சதவீதம்தான் படிந்தது என்று 1999ல் எழுதினார். முதலில் கையெழுத்துப் போடாதவர்களின் காடுகளிலும் பிற்பாடு வளைந்த பட்டைகள் வந்துவிட்டன. அண்டை வீட்டுக்காரர் காட்டில் தீவனம் நன்றாக வருவதைப் பார்த்த பிறகு யாரும் வந்து சொல்லத் தேவை இருந்திருக்காது. ஓடையில் டிரவுட் மீனும் திரும்பியது.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஓடை போய்ச் சேரும் மிசிசிப்பி ஆற்றுக்குள் இறங்கிய வண்டல் அளவு அத்தனை ஆண்டுகளிலும் பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே பள்ளத்தாக்கில் குவிந்துகிடந்த பழைய மண்ணை ஓடை கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அனுப்பிக்கொண்டிருந்தது. மேட்டில் நீங்கள் இன்று வேலை செய்தால் உங்கள் காட்டில் அடுத்த பருவமே பலன் தெரியும். கடைமடையில் ஆற்றின் நிறம் மாற உங்கள் பேரன் காலம் ஆகலாம். திட்ட அறிக்கைகளில் மூன்றே ஆண்டில் எல்லாம் சரியாகும் என்று எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் அந்தப் பகுதியில் பெருமழை கொட்டியது. பிற்காலத்தில் ஓடைக் கிளைகளில் கட்டிய சிறு அணைகளில் சில உடைந்தன, கூன் வேலி ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. அணை இருக்கிறதே என்று மேட்டு நிலத்தைக் கவனிக்காமல் விட்டோமோ என்ற கேள்வி அங்கே மறுபடியும் எழுந்தது. வெள்ளத்துக்குப் பிறகு உழவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கூன் கிரீக் சமூக நீர்வடிப்பகுதிக் குழு என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள். மேட்டுக்காட்டுக்காரரும் அடிவாரத்துக்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து, யார் காட்டில் முதலில் வேலை என்று பேசுகிறார்கள்.

உங்கள் ஓடைக்கு மேலே முதல் காடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த மழைக்கு முன் ஒரு நாள் காலையில், மூங்கில் சட்டத்தையும் ஒரு கட்டு முளைக்குச்சியையும் எடுத்துக்கொண்டு அவர் காட்டுப் பக்கம் போய்வாருங்கள்.